காவிரிக்கரை ரிசார்ட்டில் சத்தமில்லாத அறை, நல்ல காட்சி: எதைக் கேட்டு வாங்குவது?

குடமுருட்டி | 8 ஜூலை 2025, காலை 9.40

அம்மா அப்பாவை மூன்று இரவு கும்பகோணம் பக்கம் ஆற்றங்கரை ரிசார்ட் ஒன்றில் தங்கவைக்க வேண்டும். இருவருக்கும் எழுபதுக்கு மேல். எட்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுபவர்கள். பால்கனியில் உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதைப் பார்க்கணும், ராத்திரி சத்தம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கேட்பது. என் கணக்கு: ஆற்றைப் பார்த்த அறை, மேல்மாடி, வரிசையில் கடைசி அறை. இந்த மூன்றையும் சொல்லிப் பதிவு செய்தால் வேலை முடிந்தது. ஆவணி மூன்றாவது வாரம், வெள்ளி முதல் ஞாயிறு. வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லையே?

அரசலாறு | 8 ஜூலை, காலை 11.05

மூன்றும் பாதி சரி தம்பி.

டெல்டாவில் ஆற்றங்கரை நிலமட்டத்தில் இருக்காது. வெள்ளத்துக்குப் பயந்து மண் கொட்டி உயர்த்திய கரை. பல இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டும். அந்தக் கரை நீர்வளத்துறையுடையது, ரிசார்ட்டுடையது இல்லை. அதன் மேலேயே பெரும்பாலும் ஒரு சாலை போகும்: பைக், டிராக்டர், பள்ளி வேன், மினி பஸ். ஆகவே தரைத்தள அறையிலிருந்து தெரிவது புல் சரிவும் வண்டிச் சக்கரமும்தான், தண்ணீர் இல்லை. கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ‘ரிவர் வியூ’ அறையே அந்த வளாகத்தில் சாலைக்கு மிக நெருக்கமான அறையாகவும் இருக்கும். அதனால் முதல் கேள்வி: கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வண்டி போகிற பாதை உண்டா?

மேல்மாடி வேண்டாம், முதல் மாடி போதும். கரையைத் தாண்டிப் பார்க்க அந்த உயரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். படி சுமார் இருபது ஏறணும், லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். நேர் மேலே மொட்டைமாடி உள்ள அறை என்றால் கோடையில் பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் கூரை ராத்திரியில்தான் கீழே இறக்கும், ஏசி நிற்காமல் ஓடும். தண்ணீர்த் தொட்டி அறைக்கு மேலே இருந்தால் விடிகாலை மோட்டார் போட்டதும் குழாயில் தண்ணீர் விழுவது படுக்கைக்கே கேட்கும்.

கடைசி அறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வரிசையின் கடைசியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள். சர்வீஸ் படிக்கட்டு, விரிப்பு வைக்கும் அறை, ஏசி அவுட்டோர் யூனிட்டுகளை ஒரே சுவரில் அடுக்கிய மூலை, அதற்குப் பின்னால் ஜெனரேட்டர், எல்லாம் கட்டடத்தின் கோடியில்தான் வைப்பார்கள். கடைசிக்கு முந்தின அறை அல்லது முந்தினதற்கு முந்தினது, லிஃப்டிலிருந்து நாலைந்து அறை தள்ளி. அதுதான் கேட்க வேண்டியது.

வீரசோழன் | 8 ஜூலை, மதியம் 3.20

ரிசார்ட் ரிசப்ஷன் வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். முன்பதிவுத் தளத்தில் ‘ரிவர் வியூ’ என்பது ஒரு வகையின் பெயர், அறை எண் இல்லை. அந்த வகையில் பத்து அறை இருந்தால் நாலைந்துக்கு முழுக் காட்சி, மீதிக்குத் தென்னந்தோப்பு நடுவே ஒரு கீற்று. எந்த அறை யாருக்கு என்பதை வருகிற நாள் காலையில்தான் போடுவார்கள். பணம் எங்கே கட்டினாலும் சரி, ரிசார்ட்டுக்கே போன் போட்டு அறை எண்ணைப் பேசிப் பதிவில் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். முந்தின நாள் மறுபடி ஒரு போன்.

காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை போன் போடாதீர்கள். காலி செய்கிறவர்களும் வருகிறவர்களும் மேஜையை மொய்க்கிற நேரம், கேட்டதற்கெல்லாம் ‘கிடைக்கும் சார்’ என்று பதில் வரும். மாலை நாலு மணி நல்லது. அதைவிட நல்லது ராத்திரி ஒன்பதரைக்கு மேல், நைட் ஷிஃப்ட்காரர் உட்கார்ந்த பிறகு. எந்த அறையிலிருந்து ‘தூக்கம் வரலை, மாத்திக் குடுங்க’ என்று போன் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். ‘எந்த அறைக்காரங்க அதிகமா மாத்திக் கேட்பாங்க?’ என்று நேராகவே கேளுங்கள், சொல்லிவிடுவார்.

வீரசோழன் | 8 ஜூலை, மதியம் 3.34

விட்டுப்போனது. ஆவணி மூன்றாவது வாரம், அதுவும் வெள்ளி, சனி, ஞாயிறு. தினசரி காலண்டரைப் பார்த்தீர்களா? ஆவணி முழுக்கக் கல்யாண மாதம். ஆடி முழுக்க அடக்கி வைத்த முகூர்த்தமெல்லாம் ஆவணியில்தான் இறங்கும். புல்தரையோ ஹாலோ உள்ள ரிசார்ட் என்றால் முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, ராத்திரி வரவேற்பில் மேடைப்பாட்டு, விடியற்காலை நாலரைக்கு நாதஸ்வரம். ஒரு கல்யாணம் வந்தால் பாதி அறை அவர்களுக்கே போய்விடும், ராத்திரி ஒரு மணி வரை தாழ்வாரத்தில் கதவு அடிக்கும். எந்த அறை எடுத்தாலும் அன்றைக்கு அது அமைதியான அறை இல்லை. முதலில் தேதி, பிறகுதான் அறை.

குடமுருட்டி | 8 ஜூலை, இரவு 8.15

காலண்டர் பார்த்தேன். நான் சொன்ன மூன்று நாளில் இரண்டு முகூர்த்தம். அப்போ ஆடியிலேயே போய்விடலாமா? கல்யாணமே இருக்காதே.

வெண்ணாறு | 8 ஜூலை, இரவு 9.50

ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் உண்டு. வெள்ளியும் ஞாயிறும் கூழ் ஊற்றுகிற ஊரெல்லாம் மைக்செட் கட்டுவார்கள். பதினெட்டாம் பெருக்கு இந்த வருஷம் ஆகஸ்ட் 3. அன்றைக்கு எந்தப் படித்துறையிலும் நிற்க இடம் இருக்காது. அது பார்க்க வேண்டிய காட்சி, தூங்குகிறவர்களுக்கான நாள் இல்லை. ஆடி வேண்டுமென்றால் பெருக்கு கழிந்து வருகிற செவ்வாய், புதன். செவ்வாயும் அம்மனுக்கு உகந்த நாள்தான், அதனால் ரிசார்ட்டுக்குப் பக்கத்தில் அம்மன் கோயில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கிச் சட்டம் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. நடைமுறையில் மார்கழியில் நாலரைக்கே திருப்பாவை போடுவார்கள். அதை ஊர் விரும்பிக் கேட்கிறது, விருந்தாளிதான் மாதம் பார்த்து வரணும்.

அரசலாறு | 9 ஜூலை, காலை 7.10

என் யோசனை புரட்டாசி. கல்யாணம் கிடையாது, ஆற்றில் தண்ணீர் இருக்கும், வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில்தான் தொடங்கும். சனிக்கிழமையை மட்டும் தவிருங்கள், உப்பிலியப்பன் கோயில் வழியே வண்டி நகராது.

வெண்ணாறு | 9 ஜூலை, காலை 8.00

புரட்டாசிக்கு ஒரு திருத்தம் அண்ணே. அது குறுவை நெல் அறுவடைக் காலம். ஆற்றுக்கு எதிர்ப்பக்கம், அதாவது வயலைப் பார்த்த அறைகளில் இருப்பவர்களுக்கு அறுவடை மெஷின் சத்தம் உண்டு. தை அறுவடையில் பனி காய்ந்த பிறகு பத்து மணி வாக்கில்தான் மெஷின் வயலில் இறங்கும். குறுவையில் மழை மிரட்டும், கதிர் சாயக்கூடாது என்று விளக்குப் போட்டு ராத்திரியும் ஓட்டுவார்கள். ஆனால் ஏக்கருக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான். ஒரு இடத்தில் ஒன்றிரண்டு இரவோடு முடிந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அது பக்கத்தில் இருந்தால் வாரக்கணக்கில் லாரி வரிசை, தூற்றுகிற மெஷின், தூசி. ரிசார்ட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் கொள்முதல் நிலையமோ அரிசி ஆலையோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஆலையில் புழுக்குகிற வாசனையும் சேர்ந்து வரும்.

மற்றபடி புரட்டாசியை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வெண்ணாறு | 9 ஜூலை, காலை 8.25

தண்ணீர் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

மேட்டூர் வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12, மூடுகிற நாள் ஜனவரி 28. இது வழக்கம், உறுதி இல்லை. 2022இல் மே 24லேயே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. இந்த வருஷம் ஜூன் 12க்கே திறந்தாயிற்று. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. கொள்ளிடத்தில் விடுவது பெரும்பாலும் உபரி. எனவே ‘கொள்ளிடக்கரை, ஆற்றுக் காட்சி’ என்று விளம்பரம் பார்த்தால் வருஷத்தின் பெரும்பகுதி அது மணல்வெளிக் காட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அழகுதான். ஆனால் தண்ணீர் பார்க்க வந்த அம்மா அப்பாவுக்கு அது ஏமாற்றம்.

வந்த புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரையும் குப்பையும் தள்ளிக்கொண்டு வரும், சில வாரத்தில் தெளியும். தண்ணீர் குறைவான வருஷத்தில் முறை வைத்து விடுவார்கள்: சில நாள் காவிரியில், சில நாள் வெண்ணாற்றில். அந்தச் சமயம் ரிசார்ட்டின் புகைப்படத்தில் கரை தொட்டு ஓடுகிற ஆறு, நீங்கள் போகிற அன்று முழங்கால் அளவில் இருக்கலாம். போகிற வாரத்துக்கு முந்தின வாரம் போன் போட்டு ‘இன்னைக்கு எடுத்த போட்டோ ஒண்ணு வாட்ஸாப்பில் அனுப்புங்க’ என்று கேளுங்கள். பால்கனியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி எடுத்த படம் வேண்டும், நின்று எடுத்தது வேண்டாம். ஏன் என்பதை அரசலாறு அண்ணன் சொல்லட்டும், அவர் கட்டடக்காரர்.

அரசலாறு | 9 ஜூலை, மாலை 6.30

சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.15 மீட்டர். பால்கனியின் செங்கல் கைப்பிடிச் சுவர் 1.05 மீட்டர், நாற்காலியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி என்று வையுங்கள். வித்தியாசம் வெறும் 10 சென்டிமீட்டர். அந்தக் கோட்டை நீட்டினால் முதல் மாடி பால்கனியிலிருந்து கீழே சுமார் 75 மீட்டர் வரை எதுவும் தெரியாது. ஆறு அதற்குள்ளேயே இருந்தால் எதிர்க்கரையும் வானமும் மட்டும்தான் காட்சி. சுவர் 90 சென்டிமீட்டர் என்றால் மறைவு 30 மீட்டராகச் சுருங்கும். கம்பிக் கிராதியோ கண்ணாடியோ என்றால் மறைவே இல்லை. ஆகவே படத்தில் பாருங்கள்: சுவரா, கிராதியா? சுவர்தான் என்றால் உயரமான மோடாவோ, இருக்கைக்கு மேல் கெட்டி மெத்தையோ கேட்டு வாங்குங்கள். பத்து சென்டிமீட்டர் உயர்ந்தாலே காட்சி திறந்துகொள்ளும்.

அடுத்தது திசை. காவிரியும் அதன் கிளைகளும் டெல்டாவில் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. ஆற்றைப் பார்த்த அறை என்றால் பெரும்பாலும் வடக்கு பார்த்தது அல்லது தெற்கு பார்த்தது. தென்கரை ரிசார்ட்டில் ஆற்று அறை வடக்கே பார்க்கும்: புரட்டாசி முதல் மாசி வரை வெயில் பால்கனிக்குள் வராது, சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் ஆறும் எதிர்க்கரைத் தோப்பும் நாள் முழுக்க நிறம் மாறாமல் தெரியும். வடகரை ரிசார்ட்டில் தெற்கே பார்க்கும்: தண்ணீர் தகதகக்கும், கண் கூசும், ஐப்பசிக்கு மேல் மதிய வெயில் பால்கனியில் உட்காரும். நம் அட்சரேகை சுமார் 11 டிகிரி. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நாலாவது வாரத்திலும் மதியச் சூரியன் நேர் உச்சியில், நடுவில் உள்ள மாதங்களில் சற்று வடக்கே. அப்போது மட்டும் வடக்கு பால்கனிக்குக் கொஞ்சம் வெயில் உண்டு.

பெற்றோர் பால்கனியிலேயே பொழுது கழிப்பவர்கள் என்பதால் தென்கரை, வடக்கு பார்த்த அறை. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

குடமுருட்டி | 9 ஜூலை, இரவு 7.45

அப்படியென்றால் அப்பாவுக்கு சூரிய உதயம் கிடையாதா? அதைத்தான் முதலில் கேட்டார்.

அரசலாறு | 9 ஜூலை, இரவு 8.20

பால்கனி கிழக்குப் பக்கம் திறந்திருந்தால் தெரியும். புரட்டாசியில் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுகிறது, ஆறும் அந்தப் பக்கமே நீள்கிறது, வலக்கைப் பக்கம் திரும்பினால் போதும். பால்கனிகளுக்கு நடுவே முழு உயர மறைப்புச் சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கிழக்குக் கோடி அறை மட்டும்தான் உதயத்துக்கு ஆகும், அங்கே நான் முதலில் சொன்ன ஏசி, ஜெனரேட்டர் விஷயத்தைச் சரிபார்க்கணும். மார்கழியில் உதயம் தெற்கே சுமார் 24 டிகிரி விலகிவிடும், வடக்கு பார்த்த அறைக்கு அப்போது வாய்ப்பே இல்லை.

கடைமடை | 10 ஜூலை, காலை 6.15

உதயம்தான் முக்கியம் என்றால் தரங்கம்பாடிக்கு அனுப்புங்கள். கடற்கரை நேர் கிழக்கு. 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையும், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் கரையிலேயே. அலைச்சத்தம் மற்ற சத்தத்தையெல்லாம் மூடிவிடும், ஆற்றங்கரையில் அந்த வசதி இல்லை.

கடற்கரை அறைக்குச் சில தனிக் கணக்கு உண்டு. கண்ணாடி திறக்கும் வகையா, அப்படியே பொருத்திய வகையா? பொருத்தியது என்றால் உப்பு படிந்து மங்கிப்போயிருக்கும், உள்ளிருந்து துடைக்க முடியாது. ஐப்பசி கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்து நேராக பால்கனிக்குள் அடிக்கும், கதவுக்குக் கீழே தண்ணீர் புகும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்றால் விடியற்காலை இன்ஜின் சத்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஓடாது, ஃபைபர் படகு மட்டும் போகும். கருவாடு காயவைக்கிற இடம் காற்றுக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்கணும்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் அமைதியான அறை என்ற பேச்சே வேண்டாம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வருஷம் முழுக்க நடக்கிறது, ஆடி மார்கழி என்று விடுப்பு இல்லை. அங்குள்ள விடுதிகளில் மூன்றரைக்கே வெந்நீர் கேட்டுக் கதவு தட்டுவார்கள்.

குடமுருட்டி | 10 ஜூலை, காலை 9.00

அம்மாவுக்கு ஆறுதான். கடல் வேண்டாம் என்கிறார். தஞ்சாவூர் வெண்ணாற்றங்கரைப் பக்கம் என்றால்?

வெண்ணாறு | 10 ஜூலை, மதியம் 12.40

நல்ல இடம், ஊர்ச் சத்தம் எட்டாது. தஞ்சாவூர் என்றால் இன்னொன்று தெரிந்திருக்கணும்: 2020 ஜனவரியில் விமானப்படைத் தளத்தில் சுகோய் படைப்பிரிவு வந்தது. பறக்கிற நாட்களில் ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டை சாலைப் பக்கம் நன்றாகவே கேட்கும். வெண்ணாறு ஊருக்கு வடக்கே, அங்கே குறைவு. மார்கழிக் கடைசியிலோ தையிலோ வருகிற பகுள பஞ்சமியை ஒட்டித் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை, அந்த வாரம் அறையே கிடைக்காது.

வீரசோழன் | 10 ஜூலை, மாலை 4.10

ரயில் பற்றியும் பேசிவிடுவோம். வரைபடத்தில் தண்டவாளம் தூரமாகத் தெரிந்தால் போதாது, கேட் எங்கே என்று பாருங்கள். ஆளுள்ள கேட்டானாலும் சுமார் 600 மீட்டர் முன்னாலிருந்தே ஹாரன் தொடங்கும். காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி வண்டிகள் திருவாரூர், தஞ்சாவூர் வழி ராத்திரியிலும் போகும். நான்குவழிச் சாலைகளும் புதிது: விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை கும்பகோணத்தை ஒட்டிப் போகிறது. பழைய மதிப்புரைகளில் ‘ரொம்ப அமைதி’ என்று இருந்தால் சாலைக்கு முந்தினதா, பிந்தினதா என்று தேதி பாருங்கள்.

அரசலாறு | 10 ஜூலை, இரவு 9.05

தூரத்துக்கு ஒரு கணக்கு. ஜெனரேட்டர், ஸ்பீக்கர் மாதிரி ஒரே புள்ளியிலிருந்து வருகிற சத்தம் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். வண்டி வரிசையாகப் போகிற சாலை என்றால் 3 டெசிபல்தான் குறையும். பத்து டெசிபல் குறைந்தால்தான் காதுக்குப் பாதியாகத் தோன்றும். உறையிட்ட ஜெனரேட்டருக்கு விதி ஒரு மீட்டரில் 75 டெசிபல். அது 45க்கு இறங்கச் சுமார் 30 மீட்டர் வேண்டும், எதிரே சுவர் இருந்து எதிரொலித்தால் இன்னும் அதிகம். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான், தேதியும் முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் குளிர்ந்த இரவில் சத்தம் தரையில் போவதைவிடத் தூரம் போகும். எதிர்க்கரைக் கோயிலின் கூம்பு ஸ்பீக்கர் ஆற்றைப் பார்த்த அறைக்கு நேராக வந்து விழும். நடுவில் மரமோ வீடோ கிடையாது. இதனால்தான் காட்சியுள்ள பக்கமே பல ரிசார்ட்டில் சத்தமுள்ள பக்கமும். எதிர்க்கரையில் என்ன இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் ஒரு 300 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள்: கோயில், பள்ளிவாசல், மாதாகோயில், கல்யாண மண்டபம், டாஸ்மாக். ரிசார்ட்டைச் சுற்றி மட்டும் பார்த்தால் போதாது.

ஜன்னல்: இழுத்து மூடுகிற வகையில் ஓரத்தில் பிரஷ் வைத்திருப்பார்கள், அதன் வழியே சத்தம் வரும். கீல் போட்டு மூடி, ரப்பர் அழுந்துகிற வகை எவ்வளவோ மேல். கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் அங்கே சத்தமும் வரும். ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

வீரசோழன் | 11 ஜூலை, காலை 10.30

போய் இறங்கினதும் செய்ய வேண்டியது. பெட்டியை மேலே ஏற்றுவதற்கு முன் இரண்டு அறை காட்டச் சொல்லுங்கள். அறைக்குள் போய்க் கதவு ஜன்னல் மூடி, மின்விசிறி ஏசி எல்லாம் நிறுத்தி ஒரு நிமிஷம் நில்லுங்கள். பிறகு ஏசி போட்டு ஒரு நிமிஷம். பக்கத்து அறைக்கு நடுவே கதவு இருந்தால் (கனெக்டிங் ரூம்) வேண்டாம், பேச்சு அப்படியே வரும். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் லிஃப்டோ பக்கத்து அறைக் குளியலறைக் குழாயோ இருக்கக்கூடாது. குளியலறை ஜன்னல் டக்டில் (குழாயும் காற்றும் போக விட்ட செங்குத்து இடைவெளி) திறந்தால் சமையலறைப் புகைபோக்கியும் அதே டக்டா என்று முகர்ந்து பாருங்கள்.

சுற்றுலா பஸ் கூட்டத்துக்குக் கொடுக்கிற பிளாக் எது என்று கேட்டு அதைத் தவிருங்கள். நவக்கிரக சுற்றுலா ஐந்து மணிக்குக் கிளம்பும், நாலரைக்கே பஸ்ஸை ஸ்டார்ட் செய்து ஏசி போட்டு நிறுத்தியிருப்பார்கள். டிரைவர்கள் தங்கும் அறை பார்க்கிங்கை ஒட்டி இருக்கும், அந்தப் பக்கமும் வேண்டாம்.

கிழமையும் பாருங்கள். ஞாயிறு சூரியனார்கோயில், திங்கள் திங்களூர், செவ்வாய் வைத்தீஸ்வரன்கோயில், புதன் திருவெண்காடு, வியாழன் ஆலங்குடி, வெள்ளி கஞ்சனூர், சனி திருநள்ளாறு. டெல்டாவில் கிரகம் ஓய்வெடுக்கிற நாள் கிடையாது! உங்கள் ரிசார்ட்டுக்குப் பக்கத்துக் கோயில் எதுவோ அதன் நாளை மட்டும் விட்டுவிடுங்கள்.

குடமுருட்டி | 11 ஜூலை, இரவு 8.40

எல்லாம் சேர்த்து முடிவு செய்தது: அக்டோபர் 7, 8, 9, செவ்வாய் முதல் வியாழன். புரட்டாசி 21லிருந்து. தென்கரை, முதல் மாடி, வடக்கு பார்த்தது, கோடியிலிருந்து மூன்றாவது அறை, கிராதி பால்கனி. நைட் ஷிஃப்ட்காரரிடம் பேசிவிட்டேன். கரைச் சாலை உண்டாம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் வண்டி குறைவு என்றார்.

அரசலாறு | 11 ஜூலை, இரவு 9.15

அருமையான தேர்வு. அக்டோபர் 7 பௌர்ணமி வேறு. 7, 8 இரண்டு மாலையும் இருட்டியதும் கிழக்கே ஆற்றின் மேலேயே நிலா ஏறும். எட்டரைக்குப் படுப்பவர்கள் அதற்குள் பார்த்துவிடலாம்.

வெண்ணாறு | 12 ஜூலை, காலை 6.50

அந்த நிலாவுக்காகப் பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள், இன்னொரு காரணமும் உண்டு. குறுவைக் கதிர் முற்றி அறுவடையாகும் சமயம் புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் வெள்ளை டியூப்லைட்டைத் தேடிக் கூட்டமாக வரும். சில மில்லிமீட்டர் பூச்சி, கொசுவலை அடித்த ஜன்னல் வழியாகவும் புகுந்துவிடும். கடிக்காது, ஆனால் படுக்கை விரிப்பெல்லாம் உதிர்ந்து கிடக்கும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை உள்ளே மஞ்சள் விளக்கு மட்டும், திரை இழுத்து. கொசுவுக்கும் அதுவே நேரம்.

மழை பெய்த ராத்திரி தவளை கத்தும். வயலைப் பார்த்த அறையில் அது பெரிய சத்தம்தான், ஆனால் ஒரே சீராக இருப்பதால் நிறையப் பேர் அதிலேயே தூங்கிவிடுகிறார்கள். மயில் அப்படி இல்லை. விடியற்காலை ஒரு அகவல் போட்டால் எழுந்தே ஆகணும்.

கடைமடை | 12 ஜூலை, காலை 9.30

போனில் டெசிபல் செயலி வைத்து அளப்பவர்களுக்கு: அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், ஒரே போனில் இரண்டு அறையை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். உலக சுகாதார அமைப்பு படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபல் என்கிறது. மின்விசிறி ஓடும் அறையில் அது கிடைக்காது, அந்த மின்விசிறிச் சத்தமே வெளிச் சத்தத்தை மூடும் என்பதால் கவலையும் வேண்டாம்.

கொடிக்கால் | 4 செப்டம்பர், மாலை 5.20

இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். எங்களுக்கு மார்ச் மாதம்தான் விடுமுறை கிடைக்கும், மாசிக் கடைசி. அப்போதும் இதே கணக்குதானா?

வெண்ணாறு | 4 செப்டம்பர், இரவு 8.05

இல்லை, அப்படியே தலைகீழ். ஜனவரிக் கடைசியில் மேட்டூர் மூடினதும் ஆறு வற்றத் தொடங்கும். மார்ச்சில் காவிரியில் மணலும் நாணலும், தேங்கிய இடத்தில் ஆகாயத்தாமரையும்தான். பச்சை இருப்பது வயலில். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், அறுத்த பிறகு அது கிளம்பி மாசி முழுக்கப் பச்சையாக இருக்கும். அறுவடை மெஷின் போய்விட்டிருக்கும், வைக்கோல் சுருட்டுகிற மெஷினும் முடித்திருக்கும். தவளை இல்லை, புகையான் இல்லை. ஆகவே வயலைப் பார்த்த அறை, முதல் மாடி, கிழக்கு முகம் கிடைத்தால் கிழக்கு. மேற்கு முகம் வேண்டாம், மாலை வெயிலில் சுவர் சுட ஆரம்பிக்கிற மாதம் அது. பெரும்பாலான ரிசார்ட்டில் வயல் பக்கத்து அறைக்கு வாடகை குறைவு.

வீரசோழன் | 4 செப்டம்பர், இரவு 9.40

மாசி மகத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கும்பகோணம் நெரிசல், அதை விட்டுத் தேதி போடுங்கள். 2028இல் மகாமகம் வருகிறது, அந்த வருஷம் மாசியில் கும்பகோணத்தில் அறையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆற்றுப்பக்க அறைக்கு மார்ச்சில் கூடுதல் கட்டணம் கேட்டால் ‘தண்ணி இல்லையே’ என்று சொல்லிப் பாருங்கள், பேசினால் குறைப்பார்கள்.